வேதியியல் பயின்ற சிறுவன்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், மேலூரைக் கடந்து துவரங்குறிச்சியை அடைவதற்கு முன் உள்ளது கொட்டாம்பட்டி. கருங்கற் குன்றுகளும் கண்மாய்களும் வானம் பார்த்த புன்செய்களும் சூழ்ந்த ஊர் அது. அதற்கு அண்மையிலுள்ள கருங்காலக்குடிக் குன்றில் தமிழின் தொல்லெழுத்துகளால் ஆகிய கல்வெட்டு ஒன்று இன்றும் உள்ளது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் எழுத்துப் பொறிக்கக் கண்ட நிலம் அது. அந்நிலத்துச் சிறுவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பில் வேதியியல் நூலைத் திறந்தபொழுது எழுத்தைக் கண்டு அஞ்சினான் என்பது வியப்பாகத் தோன்றலாம்.

அவன் அஞ்சியது தமிழெழுத்தைக் கண்டன்று. வேதியியற் குறியீடுகளைக் கண்டேயாம். இரும்பை இரும்பு என்றே பாடநூல் கூறிற்று; ஆனால் அதற்குரிய குறியீடாக ‘எஃப்’, ‘ஈ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டிருந்தது. இரும்புக்கு ஆங்கிலத்தில் ‘அயர்ன்’ என்று பெயர் என்பது அவனுக்குத் தெரியும். அச்சொல்லில் ‘எஃப்’ எங்கே உளது? சோடியத்திற்கு ‘என்’, ‘ஏ’; பொட்டாசியத்திற்குக் ‘கே’; ஈயத்திற்குப் ‘பி’, ‘பி’. தமிழோடும் பொருந்தாமல் ஆங்கிலத்தோடும் பொருந்தாமல் நின்ற இக்குறியீடுகளை அவன் காரணம் அறியாமலே மனனம் செய்தான். காரணம் அறியாது மனனம் செய்தது காலையில் இருந்து மாலையில் மறைந்தது. முதல் தேர்வில் வேதியியற் பகுதியில் அவன் பெற்ற மதிப்பெண் நான்கிலொரு பங்கும் இல்லை.

வீட்டில் இதனை ஒருவரும் பெரிதாகக் கருதவில்லை. தந்தையார் நிலக்கடலை பயிரிடும் சிறு குடியானவர். மழை பொய்த்த ஆண்டுகளில் கூலிக்குச் செல்வார். தாய்மாமனோ நெடுஞ்சாலையோரத்தில் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று வைத்திருந்தார். “பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு என்னிடம் வரட்டும் அக்கா; மூன்றாண்டில் தொழில் கற்றுக்கொடுத்துத் தனிக் கடை வைத்துத் தருகிறேன்” என்று அவர் அன்பினாலேயே கூறினார். தாய்க்கு மட்டும் மகன் மேற்கொண்டு படிக்க வேண்டுமென்னும் விருப்பம் இருந்தது. மதிப்பெண் பட்டியலைக் கண்டபின் அவ்விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்கும் துணிவு வரவில்லை.

பள்ளியில் அறிவியல் கற்பித்த ஆசிரியர் சொல்லின் வரலாறுகளில் ஈடுபாடு உடையவர். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் நூலை மூடி வைத்துவிட்டு, “குழாய் வேலை செய்பவரை என்னவென்று அழைக்கிறீர்கள்?” என்று வினவினார். “பிளம்பர்” என்றனர் மாணவர். “அப்பெயர் ஏன் வந்தது?” என்றார். ஒருவரும் விடை கூறவில்லை. இலத்தீன் மொழியில் ஈயத்திற்குப் ‘பிளம்பம்’ என்று பெயர். உரோமானியர் ஈயத்தால் நீர்க்குழாய் செய்தனர். அதனால் குழாய் வேலை செய்வோர் அப்பெயர் பெற்றனர். ஈயத்தின் குறியீடும் அச்சொல்லிலிருந்தே எடுக்கப்பட்டது. இரும்பு இலத்தீனில் ‘ஃபெர்ரம்’. சோடியத்தின் குறியீடு ‘நேட்ரியம்’ என்பதன் சுருக்கம். 1813ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் இவ்வெழுத்து முறையை வகுத்தபோது, எந்நாட்டாரும் ஏற்குமாறு பழைய இலத்தீன் பெயர்களைத் தழுவிக்கொண்டார். பாதரசத்தின் குறியீடு ‘ஹைட்ரார்ஜிரம்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு நீர்வெள்ளி என்று பொருள். நீர்போல் ஓடுவதும் வெள்ளிபோல் ஒளிர்வதுமாகிய அப்பொருளுக்கு அதனினும் தக்க பெயர் கிடைத்தல் அரிது. பொட்டாசியத்தின் பெயராகிய ‘காலியம்’ என்பதோ, செடியைச் சுட்ட சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்வழி வந்ததாகும். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு உண்டு.

அன்று மாலை வீட்டுக்குச் சென்ற சிறுவன், முற்றத்தில் அப்பத்தா அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்குவதைச் சற்றுநேரம் நின்று பார்த்தான். நாள்தோறும் காணும் காட்சிதான். ஆனால் அன்று அச்சாம்பலுக்கு ஒரு பெயரும் ஓர் எழுத்தும் இருந்தன.

பெயர்கள் விளங்கத் தொடங்கியதும் பெயர்களாலேயே ஓர் இடர் நேர்ந்தது. அமிலம், காரம் என்னும் பாடம் வந்தது. அமிலம் நீல லிட்மசைச் சிவப்பாக்கும். காரம் சிவப்பு லிட்மசை நீலமாக்கும் என்றார் ஆசிரியர். காரம் என்றால் மிளகாயன்றோ எனக் கருதிய சிறுவன், ஒரு வற்றல் மிளகாயை நுணுக்கி நீரிற் கரைத்துக் கொண்டுவந்து, செந்நிறத் தாளைத் தோய்த்துப் பார்த்தான். தாள் நீலமாகவில்லை. உடன் பயில்வோர் நகைத்தனர். ஆசிரியர் நகைக்கவில்லை. “சொல்லை நம்பிச் சோதித்தாய்; சோதித்தது நன்று” என்று கூறி விளக்கினார். எரிச்சல் ஊட்டும் இயல்பு பற்றி ஒரே சொல் இரண்டிடங்களில் வழங்கலாயிற்று போலும். மிளகாயின் எரிச்சல் காப்சைசின் என்னும் பொருளால் உண்டாவது. அது வேதியியலார் கூறும் காரம் அன்று. மிளகாயின் சுவையைக் குறிக்க உறைப்பு, கார்ப்பு என்னும் சொற்கள் தமிழில் இருக்கவும், பேச்சு வழக்கில் ‘காரம்’ மேலோங்கிவிட்டது.

“அப்படியாயின் வேதியியற் காரம் நம் வீட்டில் உண்டா, ஐயா?” என்று சிறுவன் கேட்டான்.

“உன் அப்பத்தாவைக் கேள்” என்றார் ஆசிரியர்.

அப்பத்தா எழுதப் படிக்க அறியாதவர். “காரமா? துணி வெளுக்கப் போடுவோமே, அது சலவைக்காரம். பொற்கொல்லர் வைத்திருப்பாரே, அது வெண்காரம். உடம்புக்குத் தேய்க்கிறது சவுக்காரம், நீங்கள்தாம் இப்பொழுது சோப்பு என்கிறீர்கள்” என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். சவர்க்காரம் என்னும் பழஞ்சொல்லே சவுக்காரம் என மருவிற்று. சவர் என்பது உவர். உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த காலத்துச் சொல் அது. பாடநூலிற் காரம் என்பதைப் புதுச்சொல்லாக எண்ணி இடர்ப்பட்ட சிறுவனது வீட்டில், அது அத்தனை பெயர்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்தால் செந்நிறம் பிறப்பதும் இவ்வினையே. மஞ்சள், காரத்தைக் காட்டும் நிறங்காட்டி. எத்தனையோ மணமக்களை வாழ்த்திய அத்தட்டு ஓர் ஆய்வுத்தட்டும் ஆகும்.

அன்றிரவே சிறுவன் ஓர் ஏட்டில் கோடிட்டு மூன்று நிரல்கள் வகுத்தான். முதல் நிரலில் பாடநூற் பெயர், இரண்டாவதில் குறியீடு, மூன்றாவதில் வீட்டிலோ கடையிலோ வழங்கும் பெயர். நவச்சாரம், துருசு, படிகாரம், வெள்ளீயம், துத்தநாகம் என மூன்றாம் நிரல் விரைவாக நீண்டது. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் ஏழு பெயர்களை அவன் எழுதிக்கொண்டான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் சூடேறிய பித்தளையில் நவச்சாரத்தைத் தேய்ப்பது ஏன் என்பதையும் அப்பொழுதே அறிந்தான். அது அமோனியம் குளோரைடு. சூட்டில் சிதைந்து வெளிப்படும் ஐதரசன் குளோரைடு உலோகத்தின் மேற்படிந்த ஆக்சைடை நீக்க, வெள்ளீயம் அதன்மீது நன்கு பற்றும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறுவதற்கும் காரணம் அமிலமே. புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம்.

செம்பருத்திப் பூவை வெந்நீரில் இட்டு எடுத்த சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பும், சுண்ணாம்பு நீர் விட்டால் பச்சையும் தோன்றுவதை மாணவர்கள் வகுப்பிற் செய்து பார்த்தனர். செடிகளின் நிறப்பொருள்களை ஆராய்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட தமிழர் ஒருவரை ஆசிரியர் அப்பொழுது நினைவுகூர்ந்தார். காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிறந்த தி. இரா. சேஷாத்திரி என்பார் அவர். சென்னையில் பயின்று, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இராபர்ட் இராபின்சனிடம் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் வேதியியல் கற்பித்தார். 1960இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பருத்திப் பூவின் மஞ்சள் நிறத்தையும் அவர் ஆராய்ந்தார் என்று கேட்ட சிறுவர், தம் கரிசற் காட்டுப் பூவைப் பற்றி இலண்டனிலும் பேசினரா என வியந்தனர்.

சமன்பாடுதான் அவனை நெடுநாள் வருத்தியது. இரண்டு ஐதரசன் மூலக்கூறும் ஓர் ஆக்சிசன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறு ஆகும் என்று கரும்பலகையில் எழுதப்பட்டது. “இரண்டும் ஒன்றும் மூன்றாக வேண்டாமோ?” என்று அவன் கேட்டான். இது நல்ல வினா. பலர் இதனைக் கேளாமலே மனனம் செய்து கடந்துவிடுகின்றனர்.

ஆசிரியர் விடையைத் தொழுவத்திலிருந்து எடுத்தார். “ஐதரசன் அணுக்கள் இணைமாடு போன்றவை, இரண்டிரண்டாகவே திரியும். ஆக்சிசன் அணுக்களை ஒன்றாகக் கட்டி வைத்த இரண்டு கலப்பைகள் என்று கொள். தம்பி, ஓர் ஏர் பூட்ட என்ன வேண்டும்?” என்றார்.

“இரண்டு மாடும் ஒரு கலப்பையும், ஐயா.”

“இரண்டு இணைமாடும் ஒரு கட்டுக் கலப்பையும் உன்னிடம் உள்ளன. கட்டை அவிழ்த்துவிட்டால் எத்தனை ஏர் பூட்டலாம்?”

“இரண்டு ஏர்” என்றவன், சொல்லி முடிக்கும் முன்னரே பலகையை நோக்கினான். மாடு நான்கும் நான்காகவே இருந்தன. கலப்பை இரண்டும் இரண்டாகவே இருந்தன. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. பொருளின் நிறை வினைக்கு முன்னும் பின்னும் மாறாது என்று பிரெஞ்சு நாட்டு இலவாசியே 18ஆம் நூற்றாண்டில் துலாக்கோல் கொண்டு நிறுவியதும் இதுவேயாகும். டிராக்டர் பெருகிய இக்காலத்தில் ஏர் பூட்டக் கண்டிராத மாணவர்க்கு இவ்வுவமை பயன்படாது. அவன் வீட்டில் அப்பொழுதும் ஓரிணை மாடு இருந்தது நற்பேறு.

விடுமுறை நாள்களில் அவன் மாமனது பட்டறைக்குச் சென்றுவந்தான். அங்கே பேட்டரிக்குள் கண்ணாடிக் குழலை விட்டுக் ‘கிராவிட்டி’ பார்ப்பர். குழலினுள் மிதக்கும் கோல் 1.28 என்னும் அளவைக் காட்டினால் மின்னேற்றம் நிறைந்தது, 1.15க்குக் கீழ் இறங்கினால் தீர்ந்தது. ஏன் என்று அங்கே எவரும் கேட்டதில்லை. பேட்டரியில் இருப்பவை ஈயத் தகடும் ஈய டையாக்சைடுத் தகடும் நீர்த்த கந்தக அமிலமும் ஆகும். மின்சாரம் வெளிப்படும்பொழுது இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாற, அமிலம் செலவாகி நீர் மிகும். கரைசலின் அடர்த்தி குறையும். மின்னேற்றினால் இவ்வினை திரும்பி நிகழும். இதனை அவன் பாடநூலின் துணைகொண்டு தானே கூட்டி உணர்ந்தபொழுது, ஈயத்தின் ‘பி’, ‘பி’ என்னும் எழுத்துகள் அவனுக்குப் பழகிய முகங்களாயின. மின்னேற்றும் இடத்தில் பீடி பற்றவைத்த லாரி ஓட்டுநர் ஒருவரை மாமன் உரத்த குரலிற் கடிந்து வெளியே அனுப்பினார். அங்கு எழும் குமிழிகளில் ஐதரசன் உண்டு. தீப்பொறி பட்டால் வெடிக்கும். மாமனுக்கு ஐதரசன் என்னும் பெயர் தெரியாது. வெடிக்கும் என்பது தெரியும்.

ஒருநாள் புதிய வேலையாள் ஒருவன் அடர் அமிலம் இருந்த கலத்தில் நீரை ஊற்ற முற்பட்டான். மாமன் பாய்ந்து அவன் கையைப் பற்றினார். எனினும் சிறிதளவு நீர் வீழ்ந்துவிட்டது. கலத்திலிருந்து சீறித் தெறித்த துளிகள் அருகில் நின்ற சிறுவனது சட்டையில் பட்டன. மாமன் உடனே சட்டையைக் களையச் செய்து, தோலை நிறைய நீரால் கழுவிவிட்டுத் தரையிற் சிந்திய அமிலத்தின்மேல் சலவைக்காரத்தை அள்ளித் தூவினார். அது நுரைத்துப் பொங்கி அடங்கிற்று. சிறுவனுக்குக் காயமில்லை, சட்டை மட்டும் துளைபட்டது. நீர் அமிலத்தினும் நொய்யது; ஆதலின் மேலே மிதந்து, கலக்கும் சூட்டால் அக்கணமே கொதித்து அமிலத்தையும் வாரித் தெறிக்கிறது. அமிலத்தைச் சிறிது சிறிதாக நீரில் ஊற்றினால் அச்சூட்டை மிகுதியான நீர் ஏற்றுக்கொள்ளும். இக்காரணத்தைச் சிறுவன் தரையிற் கோடிழுத்து விளக்கியபொழுது மாமன் குறுக்கிடாமற் கேட்டார். “இருபது ஆண்டாக இப்படிச் செய்கிறேன், ஏன் என்று இன்றுதான் தெரிந்தது” என்றார். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. அவன் பொதுத்தேர்வில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்று, பதினொன்றாம் வகுப்பில் வேதியியலை விரும்பியெடுத்துச் சேர்ந்தான்.

சேர்ந்த நாளில் வேறோர் ஐயம் அவனைப் பற்றியது. “தமிழில் வேதியியல் படித்து என்ன செய்வாய்? கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம்” என்று மேலூரில் ஆங்கிலவழியில் பயின்ற உறவுப் பையன் கூறியிருந்தான். அவன் கூறியதில் உண்மையும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. ஆயினும் தமிழில் வேதியியல் என்பது நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் சிற்றூர்களில் தங்குவதில்லை என்பதைக் கண்டு, 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். கற்பிக்க நூல் இல்லாமையால் மாணவர் துணையோடு நூல்களையும் ஆக்கினார். அவற்றுள் ஒன்று வேதியியல் நூல், 1875இல் வெளிவந்தது, ‘கெமிஸ்தம்’ என்பது அதன் பெயர். தமிழ்ச்சொல் கிடையாத இடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைவித்துக்கொள்ளும் துணிவு அப்பெயரிலேயே விளங்குகிறது. பின்னர் 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களை ஆக்குதற்கென்றே ஒரு சங்கம் கண்டனர். அவரே ‘திண்ணை ரசாயனம்’ என்றொரு நூலும் எழுதினார்.

ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பிழையற்றவை என்று எண்ணுதலும் பொருந்தாது. ‘ஆக்சிசன்’ என்பதற்கு அமிலத்தை ஆக்குவது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று இலவாசியே கருதியமையால் அப்பெயர் இட்டார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிசன் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிராணவாயு, உயிர்வளி என்னும் நம் பெயர்களில் அக்குறை இல்லை. இதனைக் கேட்ட சிறுவன் பெரிதும் மகிழ்ந்தான். ஆனாலும் ஏட்டில் ஆக்சிசன் என்னும் பெயரை அவன் அடிக்கவில்லை. இரண்டையும் எழுதி வைத்தான்.

மேல்நிலை வகுப்பின் முதற் பாடமே மலைபோல் நின்றது. மோல் என்னும் அளவு அது. டசன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³. இவ்வெண்ணின் மதிப்பு 2019 மே 20 முதல் உலக அளவைமுறையில் திட்டமாக நிலைநிறுத்தப்பட்டது. பேரெண்களுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பெயரிட்டு வழங்கிய மொழியில் இத்தகைய எண்ணைக் கண்டு மருளுதல் வேண்டா என்று தமிழாசிரியர் ஊக்கினார். எனினும் அப்பெயர்கள் கணக்குப் போட உதவவில்லை. 18 கிராம் நீரை ஒரு சிறு குவளையில் அளந்து, இதனுள் அத்தனை மூலக்கூறுகள் என்று வேதியியல் ஆசிரியர் கையிற் கொடுத்தார். உள்ளங்கை அளவு நீர். ஒரு மாதம் கணக்குப் பிழைத்தது. கிராமையும் மோலையும் அவன் மாற்றி மாற்றி எழுதினான். நாளுக்கு ஐந்து கணக்கு என்று விடாது போட்டபின்னரே அது வசப்பட்டது. இதற்குக் குறுக்குவழி ஒன்றும் அவன் காணவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆய்வகம் அவனுக்கு உவப்பான இடமாயிற்று. வெதுவெதுப்பாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுதல் வேண்டும். முதற் சொட்டின் நிறம் நெடுநேரம் மறையாது நிற்கும். அதனை முடிவு என்று மயங்கி நிறுத்துவோர் பலர். சற்றுப் பொறுத்தால் நிறம் மறையும். பின்னர் விழும் சொட்டுகள் விரைந்து மறையும். வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனியே வினையை விரைவுபடுத்துவதால் இவ்வாறு ஆகிறது. இறுதியில் ஒரு சொட்டு, மறையாத இளஞ்சிவப்பைத் தந்து நிற்கும். செய்முறைத் தேர்வன்று அவன் கை நடுங்கியது. முதல் அளவு பிழைத்தது. ஒரு சொட்டு மிகுந்து கரைசல் ஊதாவாயிற்று. கழுவிவிட்டு மீண்டும் தொடங்கினான். அடுத்த இரண்டு முறையும் ஒரே அளவு வந்தது.

அவ்வாண்டே மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியற் பட்ட வகுப்பில் இடம் கிடைத்தது. மாமன் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு புதுச் சட்டையையும் கொடுத்தார். முதல் வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்திலேயே பேசினார். ஒரு மணி நேரத்தில் அவனுக்கு விளங்கியது பாதிக்கும் குறைவு. ஆனால் பலகையில் எழுதப்பட்ட சமன்பாடுகள் அனைத்தும் விளங்கின. அன்று மாலை விடுதியில் பழைய ஏட்டை எடுத்து, மூன்று நிரல்களுக்கு வலப்புறம் எஞ்சியிருந்த வெற்றிடத்தில் அளவுகோலை வைத்து நான்காவதாக ஒரு கோடு இழுத்தான். அதன் தலையில் ‘ஆங்கிலம்’ என்று எழுதி, முதற் பக்கத்தின் முதல் வரியிலிருந்து நிரப்பத் தொடங்கினான்.